குழியில் படுக்க ஓர் ஆள்

யோத்தாம் சோக்கோவுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் முப்பத்திரண்டு வருடத்தை லுவாங்குவா ஆற்றங்கரையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விலங்கு காட்டியே கழித்துவிட்டார். அவர் காட்டிய சிங்கங்களை யாரும் எண்ணவில்லை. காட்ட முடியாமல் போன சிங்கங்களை விருந்தாளிகள் மறக்காமல் எண்ணிவைத்திருந்தார்கள்.

பிறந்தது கிழக்கே சிப்பாட்டா நகருக்குப் பக்கத்தில், இங்கோனி இனத்தார் ஊர் ஒன்றில். அப்பா சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவர். ஊரில் மொத்தம் ஒன்பது சைக்கிள் இருந்ததால் அப்பாவுக்கு ஓய்வு நிறைய இருந்தது. பத்தொன்பது வயதில் சித்தப்பா ஜக்காயோ வந்து, "இவன் இங்க இருந்தா பத்தாவது சைக்கிளுக்குக் காத்துக்கிட்டே கிழவனாயிடுவான்" என்று சொல்லிப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிவந்து முசிக்கிலி என்ற சுற்றுலா முகாமில் சேர்த்துவிட்டார். கிடைத்தது டீப்பெட்டி தூக்கும் வேலை.

காட்டில் விருந்தாளிகளை நடத்திக் கூட்டிப்போகும்போது முதலில் துப்பாக்கிக்காரர் போவார், அடுத்தது வழிகாட்டி, பிறகு விருந்தாளிகள். கடைசியில் டீப்பெட்டி. பத்து மணிக்கு நல்ல நிழலாகப் பார்த்துப் பெட்டியை இறக்கி எல்லோருக்கும் டீ ஊற்றவேண்டும். யோத்தாம் எட்டு வருடம் அந்தப் பெட்டியைத் தூக்கினார். பின்னால் வருகிறவனுக்கு வழிகாட்டி சொல்வதெல்லாம் காதில் விழும், பதில் சொல்லவேண்டிய கடமை கிடையாது. அப்படியே பறவைகள், மரங்கள், எச்சங்கள் எல்லாம் மனப்பாடம் ஆயின. வழிகாட்டித் தேர்வு எழுதினார். மூன்று முறை தோற்றார். மூன்று முறையும் காலை வாரியது புல்தான். நாற்பது வகைப் புல்லை மேசையில் வைத்துப் பெயர் கேட்பார்கள். யோத்தாமுக்கு எல்லாம் ஒரே புல்லாகத் தெரிந்தன. நான்காவது முறை அவருக்குப் புத்தி வந்ததோ, தேர்வு நடத்தியவருக்குக் காய்ச்சல் வந்ததோ தெரியாது, தேறிவிட்டார்.

நவம்பர் கடைசியில் மழை இறங்கியதும் எங்கள் பள்ளத்தாக்கில் பாதி முகாம்கள் கூடாரத்தைச் சுருட்டிவிடும். கரிசல் மண் வண்டியை விழுங்கும், ஆறு ரோட்டை விழுங்கும், புல் ஆளை விழுங்கும். முசிக்கிலி மட்டும் திறந்திருக்கும். அதன் முதலாளி ஒருமுறைகூட மழைக்காலத்தில் வந்து பார்த்ததில்லை. அதனால் மழைக்காலம் அழகானது என்பதில் அவருக்கு அசைக்கமுடியாத நம்பிக்கை. அப்போது வருகிற விருந்தாளிகள் மூன்று வகை: பறவைப் பைத்தியங்கள், சலுகை விலைக்கு வருகிறவர்கள், நாள்காட்டி பார்க்காமல் பயணச்சீட்டு வாங்கியவர்கள். மற்ற வழிகாட்டிகள் விடுப்பில் போய்விடுவதால் மூன்று வகையும் யோத்தாம் தலையில்தான் விழும். யோத்தாமுக்கு உள்ளுக்குள் வருடத்திலேயே பிடித்த காலம் அதுதான். வெளியே சொன்னால் இன்னும் வேலை கொடுப்பார்கள் என்று சொல்லவில்லை.

பிடித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அடித்துக் கேட்டாலும் சொல்லமாட்டார். அந்தக் காரணத்தின் பெயர் முபாங்கா கபாசா.

கபாசாதான் துப்பாக்கிக்காரர். துப்பாக்கியோடு ஒரு காவலர் இல்லாமல் வனவிலங்குப் பூங்காவுக்குள் யாரும் நடக்கக்கூடாது என்பது சட்டம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வனத்துறை அவரை முகாமுக்கு அனுப்பியது. வடக்கே இம்பிக்கா பக்கத்து ஆள், பெம்பா இனம். நெட்டையான ஆள். நாற்பத்தெட்டு வயது. பெம்பாவும் இங்கோனியும் கொள்ளுப்பாட்டன் காலத்தில் வெட்டிக்கொண்டு மடிந்தவர்கள். யார் ஜெயித்தார்கள் என்பதில் இன்றுவரை இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. சண்டை ஓய்ந்தபின் அந்தப் பகையே கேலி பேசும் முறை ஆகிவிட்டது. எந்த இங்கோனியும் எந்தப் பெம்பாவையும், எந்தப் பெம்பாவும் எந்த இங்கோனியையும், கண்ட இடத்தில் கிண்டல் செய்யலாம், தட்டில் இருப்பதை எடுத்துத் தின்னலாம். கோபப்பட்டால் கோபப்பட்டவன்தான் குற்றவாளி. இழவு வீட்டில்கூட முறைக்காரன் அழமாட்டான். அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பது அவன் கடமை. ஒருவனைப்பற்றி முகத்துக்கு நேரே நல்லதாகப் பேசுவதெல்லாம் அன்னியர்களுக்குச் செய்வது.

தினமும் காலை ஐந்தரைக்குச் சமையல்கட்டு வாசலில் சந்திப்பார்கள்.

"என்ன எலித்தின்னி, இன்னும் சாகலையா?" என்பார் கபாசா. கிழக்கத்திக்காரர்கள் வயல் எலியைச் சுட்டுத் தின்பார்கள் என்பது ஊரறிந்தது.

"நீ செத்த சேதி வரட்டும்னு இருக்கேன், குரங்குத்தின்னி" என்பார் யோத்தாம். பெம்பாக்கள் தின்பது என்ன என்பதும் ஊரறிந்ததுதான், பெம்பாக்கள் மறுத்தாலும்.

இவர்கள் காலை வணக்கம் இவ்வளவுதான். என்றைக்காவது ஒருவர் "தூங்கினாயா?" என்று ஒழுங்காகக் கேட்டுவிட்டால் சமையல்காரி அலினெஸ் மலேரியா மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

பழைய மேலாளர், எங்கள் ஊர்க்காரர், விருந்தாளிகளுக்கு முதல் டீ கொடுக்கும்போதே இந்த முறை விவகாரத்தைச் சொல்லிவிடுவார். அவர் டிசம்பரில் ஓய்வு பெற்றார். கேப் டவுனிலிருந்து பிரெண்டன் என்று இளம் மேலாளர் வந்தார். நல்ல பிள்ளை. டீப் பேச்சு நீளமாக இருக்கிறது என்று அதை நிறுத்திவிட்டு ஒரு துண்டுத்தாள் அச்சடித்தார். அதில் மலேரியா, நீர்யானை, காலுறை, பணியாளர்கள் பேசவேண்டிய மொழி எல்லாம் இருந்தன. முறை இல்லை.

பிப்ரவரியில் ஹெல்கா அம்மாள் நார்வேயிலிருந்து வந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு குறிப்பேடு. கேட்டதை எல்லாம் எழுதுவார். எழுதியதை எல்லாம் நம்புவார்.

விமான நிலையத்திலிருந்து முகாமுக்கு வரும் வழியிலேயே வண்டி கரிசலில் அச்சுவரை இறங்கிவிட்டது. யோத்தாம் ஸ்டியரிங்கில், கபாசா பின்னால் தள்ளிக்கொண்டு. ஹெல்கா அம்மாள் குடை பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"மேடம், இவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இவங்க அப்பா சைக்கிள்காரர், அதுலயும் பஞ்சரானதுதான்" என்றார் கபாசா, முகமெல்லாம் சேறாக. அதை இங்கிலீஷில் சொன்னார். விருந்தாளி முன்னால் விருந்தாளிக்குப் புரியாத மொழியில் பேசக்கூடாது என்பது துண்டுத்தாளின் ஏழாவது விதி. கபாசா விதிக்குக் கட்டுப்பட்ட ஆள்.

இரண்டு மணி நேரம் கழித்து மோப்பேன் மரக்கிளைகளை வெட்டிப் போட்டு வண்டியை வெளியே எடுத்தார்கள். மீதி வழி படகு.

மறுநாள் மழை வெறித்ததும் மணல்மேட்டில் நடந்தார்கள். மழைக்காலத்தில் சிங்கத்தை நம்பிப் போகிறவன் ஏமாந்து திரும்புவான். புல் தலைக்குமேல் நிற்கும், சிங்கம் பத்தடியில் படுத்திருந்தாலும் அது நம்மைப் பார்ப்பதோடு சரி. யோத்தாம் சின்னதுகளைக் காட்டினார். ஈரமண்ணில் சிவப்பாக ஊர்ந்த தம்பலப்பூச்சி. யானைச்சாணத்தில் தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்காலால் தள்ளிப்போன வண்டு. பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன இம்பாலா மான் குட்டிகள் முப்பது நாற்பது, ஒரே ஒரு பெட்டை காவலுக்கு நிற்க. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் ஜோடி ஜோடியாகக் கொண்டை நாரைகள். ஹெல்கா அம்மாள் மண்டிபோட்டு உட்கார்ந்து வண்டைப் பார்த்தார். பதினைந்து நிமிடம் பார்த்தார். யோத்தாமுக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

"இது என்ன புல்?" என்று கேட்டார்.

யோத்தாம் ஒரு பெயர் சொன்னார்.

"நம்பாதீங்க மேடம், புல்லுல மட்டும் மூணு தடவை ஃபெயிலானவன்" என்றார் முன்னால் நின்ற கபாசா திரும்பாமலே. "யானை வந்தா கவலைப்படாதீங்க. உங்களைத்தான் முதல்ல காப்பாத்துவேன். இவனை யானைகிட்டயே விட்டுடுவேன். அது ஒரு வாய் கடிச்சுட்டுத் துப்பிட்டுப் போயிடும்."

"யானை கடிக்காதுடா, உங்க ஊர்க் குரங்கா அது?" என்றார் யோத்தாம். ஆனால் அவர் அதை உள்ளூர் நியான்ஜா மொழியில் சொன்னார். ஏழாவது விதி அவருக்கு அடிக்கடி மறந்துபோகும். ஹெல்கா அம்மாளுக்கு ஒரு பக்கத்து வசவு மட்டும்தான் புரிந்தது.

சாப்பாட்டு மேசையில் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்தத் துப்பாக்கிக்காரர் உங்ககிட்ட எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?"

"ஆமா மேடம். அவன் எனக்கு முறை."

"எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"எதுக்கு மேடம்? எல்லாருக்கும் தெரியும்."

ஹெல்கா அம்மாள் தன் கையை எடுத்து யோத்தாமின் கைமேல் வைத்தார். கண் கலங்கியிருந்தது. பாவம், ஊர் ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு யோத்தாம் அவருக்கு இன்னொரு துண்டு மாம்பழம் வைத்தார்.

நான்காம் நாள் காலையில் சேதி வந்தது. ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஊரில் சித்தப்பா ஜக்காயோ இறந்துபோனார். வேறு வழிகாட்டி இல்லை. ஹெல்கா அம்மாள், "கட்டாயம் போங்க, நானும் வர்றேன்" என்றார். பள்ளி ஆய்வாளராக இருந்தபோது எல்லா ஆசிரியர் வீட்டுச் சாவுக்கும் போனவராம். படகில் போனார்கள். கபாசா துப்பாக்கியோடு படகின் முனையில் உட்கார்ந்திருந்தார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. யோத்தாம் அவரைப் பார்க்கவும் இல்லை. எப்போது பேசவேண்டும் என்பது கபாசாவுக்குத் தெரியும்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் ஹெல்கா அம்மாளுக்கு ஒரு பாய் கொடுத்து, தலையில் ஒரு துணியும் கட்டிவிட்டார்கள். யோத்தாம் குழிக்குப் பக்கத்தில் நின்றார். சித்தப்பா இல்லையென்றால் பத்தாவது சைக்கிளுக்காக இன்னும் காத்திருப்போம் என்பதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. காலையிலிருந்து நெஞ்சில் கல் மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டு நின்றது. அழவும் வரவில்லை.

பெட்டியைக் கொண்டுவந்தார்கள். இறக்கப்போகும் நேரத்தில் கபாசா துப்பாக்கியை ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சீருடையோடு குழிக்குள் குதித்தார். கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய குழி யாருக்கு?" என்றார் உள்ளேயிருந்து. "எலித்தின்னி ஒருத்தனுக்கு எலிவளை போதாதா? ஜக்காயோ, நீ அங்கேயே இரு, இடம் எனக்கு சரியா இருக்கு. நானே தூங்கிக்கறேன். வெளிய வரணும்னா கோழி வேணும்."

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்தாள். இன்னொருத்தி சிரித்தாள். சித்தி, விதவைத்துணி போர்த்தியிருந்தவள், "இந்தக் குரங்கை யாராவது வெளிய இழுங்களேன்" என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள். கபாசா சித்தப்பா மாதிரியே மூக்கை உறிஞ்சிக் காட்டினார், அவரைப் போலவே "எங்கடா என் ரேடியோ?" என்று கேட்டார். யோத்தாமுக்குச் சிரிப்பு பீறிட்டது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பிலேயே அந்தக் கல் நகர்ந்தது, அழுகை வந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதார். சித்தி கோழியை அனுப்பினாள். கபாசா சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தார்.

பக்கத்துப் பெண் வார்த்தைகளை மட்டும் இங்கிலீஷில் சொல்ல, பாயில் இருந்து பார்த்த ஹெல்கா அம்மாளுக்குத் தெரிந்தது வேறு. ஒரு மனிதனின் சித்தப்பாவுடைய குழியை ஆயுதம் தாங்கிய ஒருவன் ஆக்கிரமித்து, கோழி கொடுத்தால்தான் எழுவேன் என்கிறான். உறவுக்காரர்கள் பயத்தில் இளிக்கிறார்கள். அந்த மனிதன் மண்ணில் விழுந்து கதறுகிறான்.

ஆறாம் நாள் அவர் கிளம்பினார். ஊர் போய்ச் சேர்ந்ததும் முகாமுக்கு எழுதினார். நான்கு பக்கம். முதல் மூன்று பக்கத்தில் வண்டும் இம்பாலாக் குட்டிகளும் யோத்தாமின் பொறுமையும். நான்காம் பக்கம் தேதிவாரியாகக் கபாசா. "இவ்வளவு நல்ல மனிதர் பன்னிரண்டு வருடமாக மௌனமாக அனுபவித்துவருகிறார். அவருக்காகப் பேச ஒருவரும் இல்லாததால் நான் பேசுகிறேன்" என்று முடித்திருந்தார். அதில் ஒரு சொல்கூடக் கெட்ட எண்ணத்தில் எழுதப்பட்டதல்ல. அதுதான் அதில் இருந்த சிக்கல்.

பிரெண்டன் அதை இரண்டு தடவை படித்தார். வேலையிடத்துக் கொடுமைபற்றி ஒரு வாரப் பயிற்சி எடுத்தவர் அவர். விசாரணைக்கு நாள் குறித்தார். புகார் உண்மை என்று தெரிந்தால் துறைக்கு எழுதிக் கபாசாவை மாற்றச் சொல்லப்போவதாகவும், மேலாற்றில் ரோடு இல்லாத காவல்சாவடி ஒன்று காலியாக இருப்பதாகவும் சொன்னார். அதுவரை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசவேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போட்டார்.

"முறை சார், அது ஒரு முறை" என்று அலினெஸ் சொல்லிப்பார்த்தாள்.

"கொடுமை பழகிப்போனா எல்லாரும் அதை முறைன்னுதான் சொல்லுவாங்க" என்றார் பிரெண்டன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மேலாற்றுச் சாவடியில் ஆறு காவலர்கள். ஆறு பேரும் பெம்பா. பெம்பாவைப் பெம்பா கிண்டல் செய்வதில் என்ன இருக்கிறது. கபாசா அங்கே போனால் கழுதைப்புலியோடுதான் பேசவேண்டியிருக்கும்.

பத்து நாள் மரியாதையாக இருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

"திரு. சோக்கோ அவர்களே, முன்னால் தண்ணீர் இருக்கிறது. கவனமாக வாருங்கள்."

"மிக்க நன்றி, திரு. கபாசா."

அந்த வாரம் பறவை பார்க்க வந்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் அலினெஸிடம் ரகசியமாகக் கேட்டார்கள். "அவங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

"ஆமா. அஞ்சு நாளா மரியாதையா பேசிக்கறாங்க" என்றாள் அலினெஸ்.

யோத்தாம் மீன்கொத்தியைக் காட்டி வேறு பெயர் சொன்னார். படகில் ஏறும்போது காலை மாற்றி வைத்து இடுப்பளவு ஆற்றில் நின்றார். கபாசா கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "அடிபடவில்லையே?" என்று கேட்டார். யோத்தாமுக்கு அதுதான் தாங்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அவருக்குக் காட்டில் இவ்வளவு வருத்தமாக இருந்ததில்லை. சித்தப்பா போன துக்கத்தை விடக் கூடுதல் இது. அன்றைக்குச் சிரிக்கவைக்க ஓர் ஆள் குழிக்குள் இறங்கினார். இன்றைக்கு அந்த ஆளையே தூக்கப்போகிறார்கள்.

பதினோராம் நாள் விசாரணை. கபாசாவை மாமரத்தடியில் காத்திருக்கச் சொல்லியிருந்தார் பிரெண்டன். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. கபாசா அலுவலகத்தின் கூரை ஓரத்துக்கு வந்து ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். எண்ணெய்த் துணி போய்வருகிற சத்தம் உள்ளே கேட்டது. பிரெண்டன் அதை மழைச்சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

"தைரியமா பேசுங்க, அவர் இங்க இல்ல" என்றார்.

யோத்தாம் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பூட்ஸைப் பார்த்தார்.

"அவர் உங்களை எலித்தின்னின்னு சொன்னாரா?"

"சொன்னான் சார்."

"எத்தனை தடவை?"

"ஒரு நாளைக்கா?"

பிரெண்டன் ஏதோ எழுதிக்கொண்டார். "உங்க சித்தப்பா குழியில படுத்தாரா?"

"படுத்தான்."

"கோழி கேட்டு மிரட்டினாரா?"

"மிரட்டல சார். கோழி குடுக்காம எழுந்திரிக்க மாட்டான், அவ்வளவுதான்."

பிரெண்டன் 'மிரட்டல்: ஆம்' என்று எழுதினார். "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு."

பிரெண்டன் இரண்டாவதை மட்டும் எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தி, நியாயமான ஆள் என்பதால், ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "பன்னெண்டு வருஷத்துல அவர் உங்களுக்கு ஒரு நல்லது செஞ்சிருக்காரா? ஒன்னே ஒன்னு சொல்லுங்க. நான் இந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

ஜன்னலுக்குக் கீழே துணிச்சத்தம் நின்றது.

யோத்தாமுக்கு வியர்த்தது. கபாசா காது கேட்கக் கபாசாவைப் புகழ்வதற்குப் பதில் நாற்பது புல்லுக்கும் பெயர் சொல்லச் சொன்னால்கூடச் சொல்லிவிடுவார்.

"துப்பாக்கியை நல்லா துடைப்பான்" என்றார்.

"அது அவர் வேலை. வேற?"

யோத்தாம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். "ஏழு வருஷத்துக்கு முன்னால சார். இதே மழைக்காலம். ரெண்டு பேரும் மட்டும் பாதை பார்க்கப் போனோம். புல் தலைக்கு மேல. கரிசல்ல என் கால் முழங்கால் வரைக்கும் மாட்டிக்கிச்சு. எடுக்க வரல. அப்போ தாய் யானை. குட்டியோட. காதை விரிச்சுக்கிட்டு ஓடி வருது. அவன் சுட்டிருக்கலாம். சுட்டா குட்டி போச்சு. ஓடியிருக்கலாம். ஓடினா நான் போயிருப்பேன். அவன் எனக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டு யானையைத் திட்டினான். உன் புருஷன் எங்கடி, உன் மூக்கு ஏன் இவ்வளவு நீளம்னு. இருபதடியில நின்னுச்சு சார். பார்த்துச்சு. போயிடுச்சு. நான் அவனைப் பார்த்தேன், கை ரெண்டும் ஆடுது. என்னடான்னு கேட்டதுக்கு, ஒரு குண்டு சுட்டா மூணு பக்கம் அறிக்கை எழுதணும், அதான் சுடலைன்னான். நான் அதுக்கு நன்றி சொல்லல. இதுவரைக்கும் சொல்லல. சொல்லக்கூடாது."

பிரெண்டன் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவனை மேலாத்துக்கு அனுப்பணும்னா அனுப்புங்க சார். நான் ஒன்னுதான் கேட்கிறேன். நான் செத்தா என் குழியில யார் படுப்பா?"

"கட்டாயம் ஒருத்தர் படுக்கணுமா?"

"யாரும் படுக்கலன்னா அது வெறும் குழிதானே சார். மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிடுவாங்க."

பிரெண்டனின் அப்பா போன வருடம் கேப் டவுனில் இறந்திருந்தார். நல்ல கோட்டு போட்ட நாற்பது பேர் அரைமணி நேரம் நின்றார்கள். எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள். பிரெண்டனால் அன்று அழ முடியவில்லை, அதற்குப் பிறகும் முடியவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, யோத்தாமிடமும் சொல்லவில்லை. எழுந்து கபாசாவைக் கூப்பிட்டார். மாமரம் வரை கூப்பிடுவதற்காகக் குரலை உயர்த்தினார். கபாசா ஜன்னலுக்குக் கீழேயிருந்து எழுந்து வந்து சல்யூட் அடித்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். எம்மேல புகார் குடுத்தது அந்தம்மா. ஆனா என் மானத்தை வாங்கினது இவன். வெள்ளைக்காரர் முன்னால என்னை நல்லவன்னு சொல்லிட்டான். முறைப்படி இதுக்கு அபராதம் உண்டு."

"நீங்க அவரைப்பத்தி ஒரு நல்லது சொல்லுங்க. விசாரணையை முடிச்சுடலாம்."

கபாசா கூரையைப் பார்த்து யோசித்தார். "பன்னெண்டு வருஷமா தேடறேன் சார். அகப்படல" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. துப்பாக்கி எண்ணெய் பட்டுவிட்டது என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

பிரெண்டன் சொன்னபடி காகிதத்தைக் கிழித்தார். ஹெல்கா அம்மாளுக்கு ஐந்து பக்கத்தில் பதில் எழுதினார். துண்டுத்தாளில் எட்டாவதாக ஒரு வரி சேர்த்தார். வழிகாட்டியும் காவலரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள் என்றும், இதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்றும்.

மழை விட்டபின் இரண்டு பேரும் பணியாளர் குடியிருப்புக்கு நடந்தார்கள். ஈசல் கிளம்பி முகத்தில் மோதியது. பாதி வழியில் கபாசா நின்றார்.

"அபராதம் ஒரு கோழி" என்றார்.

"நாளைக்குத் தர்றேன். கிழட்டுக் கோழிதான் இருக்கு."

"உன்கிட்ட வேற என்ன இருக்கும்." கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி நின்றார். "டேய் மச்சான். நான் முதல்ல போயிட்டா?"

"போயேன். யார் வேணாங்கறா."

"இம்பிக்காவுக்குத்தான் எடுத்துட்டுப் போவாங்க. மழைக்காலமா இருந்தா ரோடு இருக்காது."

"நடந்து வருவேன்."

"குழியில தண்ணி நிக்கும்."

"படுப்பேன்."

"என்ன கேப்ப?"

யோத்தாம் யோசித்தார். "ரெண்டு கோழி. உன் குழியில இருந்து ஒரு கோழிக்கெல்லாம் எழுந்திரிக்க மாட்டேன்" என்றார். கபாசா முகத்தில் மோதிய ஈசலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சரி. வீட்டுல சொல்லி வெக்கறேன்" என்றார்.

சொல்லியும் வைத்தார். அவர் மனைவி கூடைக்குள் கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். எந்த இரண்டு என்று மட்டும் கேட்டாள்.